உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று எவர் கேட்டாலும், "அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறேன்" என்று விடை சொல்வது நம் மக்களின் பழக்கம். முழங்கால் வலியால் இரவெல்லாம் உறங்காதவரும் அப்படித்தான் சொல்வார். பக்கவாதம் கண்டு ஒரு கை செயலிழந்தவரும் அப்படித்தான் சொல்வார். நோயைப் பற்றிய முறையீடு நாவில் வரலாகாது என்பது நம் பெரியோர்கள் கற்றுத் தந்த பண்பு. போற்றத்தக்க பண்புதான், ஐயமில்லை. ஆனால் அதே பதிலை அரசாங்கம் அனுப்பிய ஒரு படிவத்தில் எழுதிவிட்டால் என்ன நேரும்? ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமே ஆட்டம் கண்டுவிடும். இது மிகையன்று.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று பிரிட்டனில் குடியேறிய நம் குடும்பங்கள் பல உள்ளன. அங்கே நீண்டகால நோயாலோ உடல், மன இயலாமையாலோ அவதியுறுவோர்க்கு அரசாங்கம் ஓர் உதவித்தொகை வழங்குகிறது. அதை ஒருமுறை பெற்றுவிட்டால் போதும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து ஒரு மீளாய்வுப் படிவம் வீட்டுக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் உடல்நிலை மாறியிருக்கிறது. பழைய நோய் முற்றியிருக்கலாம், புதிய நோய் சேர்ந்திருக்கலாம், ஒன்றிரண்டு தொல்லைகள் குறைந்துமிருக்கலாம். அந்த மாற்றத்தைப் படிவத்தில் எவ்வாறு எழுதுவது? இதைப் பற்றியே இக்கட்டுரை. பிரிட்டனில் உறவினர் உள்ள குடும்பத்தார், படித்தபின் அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

உதவித்தொகையின் தன்மை

இதன் பெயர் 'பர்சனல் இன்டிபெண்டன்ஸ் பேமென்ட்'. சுருக்கமாக பி.ஐ.பி. என்பர். 2012ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, 2013 ஏப்ரலில் இது தொடங்கப்பட்டது. பதினாறு வயதுக்கும் அரசு ஓய்வூதிய வயதுக்கும் இடைப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். அந்த வயதுக்கு முன்பே பெற்றவர்கள், அதன் பின்னரும் தொடர்ந்து பெறலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை இதனை நடத்துகிறது. ஸ்காட்லாந்தில் 2022 முதல் 'அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட்' என்ற தனித் திட்டம் உண்டு. அங்கு வாழ்பவர்கள் அதன் விதிகளைத் தனியே கேட்டறிய வேண்டும்.

இது வருமானத்தையோ சேமிப்பையோ பார்த்துத் தரப்படுவதன்று. வேலைக்குச் செல்பவரும் பெறலாம். இதற்கு வரி இல்லை. தொகை இரு பகுதிகளாக உள்ளது. ஒன்று அன்றாட வாழ்வுப் பகுதி. மற்றொன்று நடமாட்டப் பகுதி. ஒவ்வொன்றிலும் சாதாரண விகிதம், உயர் விகிதம் என இரு நிலைகள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஓராண்டுக்கு, அன்றாட வாழ்வுப் பகுதி வாரம் 73.90 பவுன் அல்லது 110.40 பவுன், நடமாட்டப் பகுதி வாரம் 29.20 பவுன் அல்லது 77.05 பவுன் என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் இந்த விகிதங்கள் மாற்றப்படும்.

இத்தொகையை ஒட்டி வேறு சில உரிமைகளும் நிற்கின்றன. ஒருவர் அன்றாட வாழ்வுப் பகுதியைப் பெற்றால், அவரை வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிப்பவர் 'கேரர்ஸ் அலவன்ஸ்' கோர வழியுண்டு. உயர் விகித நடமாட்டப் பகுதி பெறுபவர் 'மோட்டபிலிட்டி' திட்டத்தில் வாகனம் எடுக்கலாம். ஆகவே ஒரு மீளாய்வில் பி.ஐ.பி. நின்றுபோனால், தாயைப் பராமரிப்பதற்காக வேலையைக் குறைத்துக்கொண்ட மகளின் வருவாயும் சேர்ந்து நின்றுவிடும். படிவம் ஒருவர் பெயருக்குத்தான் வருகிறது. அதன் விளைவோ குடும்பம் முழுவதையும் தொடுகிறது.

படிவம் வந்தவுடன்

மீளாய்வுப் படிவத்துக்கு ஏ.ஆர்.1 என்று பெயர். கடிதத்தில் குறித்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். தக்க காரணமின்றி அனுப்பாமல் விட்டால் உதவித்தொகை நிறுத்தப்படலாம். காலம் போதாது என்று தோன்றினால், கெடு முடியும் முன்னரே கடிதத்திலுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி அவகாசம் கேட்க வேண்டும். பேசிய நாளையும் மறுமுனையில் பேசியவர் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை அனுப்பியபின், முடிவு வரும்வரை உதவித்தொகை வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும்.

அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு விண்ணப்பித்தபோது கிடைத்த முடிவுக் கடிதத்தையும் தேடி எடுங்கள். எந்தெந்தச் செயலுக்கு எத்தனை புள்ளிகள் தரப்பட்டன என்பது அதில் இருக்கும். அதை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

படிவம் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, ஏதேனும் மாற்றம் உண்டா, எப்போதிருந்து, இப்போது எவ்வாறு சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிறது. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். பழைய விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோமே, மறுபடியும் எதற்கு என்று எண்ணி, "மாற்றமில்லை" என்ற ஒரே சொல்லை எல்லாப் பெட்டிகளிலும் எழுதி அனுப்பிவிடுகின்றனர். உண்மையிலேயே மாற்றமில்லாவிட்டாலும் அது போதாது. மாற்றமில்லை என்று எழுதி, அதன் கீழேயே இப்போதைய நிலையை முழுமையாக எழுத வேண்டும். படிவத்தைப் படிப்பவர் உங்கள் பழைய தாள்களைப் புரட்டிப் பார்ப்பார் என்று நம்பியிருக்கலாகாது.

நோயின் பெயரன்று, செயலின் நிலை

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒன்றுண்டு. அதைப் புரிந்துகொண்டால் பாதிப் படிவம் நிரம்பிவிட்டதற்குச் சமம். புள்ளிகள் நோயின் பெயருக்குத் தரப்படுவதில்லை. செய்ய இயலாத செயல்களுக்கே தரப்படுகின்றன. "எனக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவாதம்" என்று பட்டியலிட்டால் ஒரு புள்ளியும் கிடைக்காது. "சட்டையின் பொத்தானை என்னால் போட இயலவில்லை, என் மகன் போட்டுவிடுகிறான்" என்று எழுதினால் அது கணக்கில் வரும்.

பார்க்கப்படும் செயல்கள் மொத்தம் பன்னிரண்டு. அன்றாட வாழ்வுப் பகுதியில் பத்து: உணவு சமைத்தல், உண்ணல், மருந்தும் சிகிச்சையும் கவனித்தல், கழுவுதலும் குளித்தலும், கழிப்பறைத் தேவைகள், உடுத்தல், பேசுதல், படித்தல், பிறரோடு பழகுதல், பண விவகாரங்களில் முடிவெடுத்தல். நடமாட்டப் பகுதியில் இரண்டு: பயணத்தைத் திட்டமிட்டு வழியறிந்து செல்லுதல், நடந்து செல்லுதல். ஒரு பகுதியில் 8 புள்ளிகள் முதல் 11 வரை பெற்றால் சாதாரண விகிதம். 12 அல்லது அதற்கு மேல் பெற்றால் உயர் விகிதம்.

சமைத்தல் என்றதும் நம் தாய்மார்கள் குடும்பம் முழுவதற்கும் பிரியாணி ஆக்குவதை நினைத்துக்கொள்கின்றனர். சட்டம் கேட்பது அதுவன்று. புதிய பொருள்களைக் கொண்டு, ஒருவருக்கு ஒரு வேளை எளிய உணவைச் சமைக்க இயலுமா என்பதே கேள்வி. காய் நறுக்கும்போது கத்தி கைநழுவுகிறதா? கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்க முடிகிறதா? அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோவது உண்டா? விடை இவற்றில்தான் இருக்கிறது.

'முடியும்' என்ற சொல்லின் பொருள்

ஒரு செயலை எப்படியோ செய்து முடித்துவிடுவதை வைத்து, அச்செயல் 'முடியும்' என்று சட்டம் முடிவுகட்டுவதில்லை. நான்கு அளவுகோல்கள் உண்டு. அச்செயலைப் பாதுகாப்பாகச் செய்ய இயல வேண்டும். ஏற்கத்தக்க முறையில் செய்ய இயல வேண்டும். தேவைப்படும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய இயல வேண்டும். நியாயமான நேரத்தில் செய்ய இயல வேண்டும். அதாவது, அந்த இயலாமை இல்லாத ஒருவர் எடுக்கும் நேரத்தைப் போல் இருமடங்குக்கு மேல் ஆகலாகாது. இந்நான்கில் ஒன்று தவறினாலும், அதை அவர் செய்ய இயலாதவராகவே கருத வேண்டும்.

மாடிப்படியில் இறங்கி வந்து குளித்துவிட்டு, மூச்சு வாங்கி ஒரு மணி நேரம் படுத்துவிடுபவர் 'குளிக்க முடியும்' என்று எழுதலாமா? குளித்த உண்மையோடு படுத்துவிட்ட உண்மையையும் எழுத வேண்டும். இதில் பொய் ஏதுமில்லை. விடுபட்ட பாதியைச் சேர்க்கிறோம், அவ்வளவே.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வரும் நோய்கள் உண்டு. இவற்றுக்கும் விதி இருக்கிறது. பன்னிரண்டு மாதக் காலத்தில் பாதி நாள்களுக்கு மேல் எந்நிலை நிலவுகிறது என்பதே பார்க்கப்படும். ஆகவே "சில நாள்களில் முடியாது" என்று மொட்டையாக எழுதுவதால் பயனில்லை. "வாரத்தில் ஐந்து நாள்கள் மகள் துணையின்றி உடுத்த இயலாது" என எண்ணிக்கையோடு எழுதுங்கள். படிவம் வந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து வைத்தால், இந்த எண்ணிக்கை தானாகவே கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஐம்பத்தெட்டு வயதான ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் மூட்டுவாதத்துக்காக விண்ணப்பித்தார். சமைக்க உயரமான முக்காலி, குளிக்கக் கைப்பிடி, கழிப்பறையில் கைப்பிடி, உடுத்தத் துணைக்கருவி என நான்கு செயல்களுக்குத் தலா 2 புள்ளிகள், மொத்தம் 8. சாதாரண விகிதம் கிடைத்தது. ஐம்பது மீட்டருக்கு மேலும் இருநூறு மீட்டருக்குள்ளும் நடக்க முடிந்ததால், நடமாட்டத்தில் 4 புள்ளிகளே கிடைத்தன. அப்பகுதியில் தொகை இல்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை தளர்ந்துவிட்டது. ஓராண்டு கடந்தும் கை தேறவில்லை. இப்போது சமைக்க மற்றொருவர் உதவி வேண்டும்: 4 புள்ளிகள். தட்டிலுள்ள உணவை வெட்டித்தர வேண்டும்: 2. தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடலைக் கழுவ உதவி வேண்டும்: 4. கழிப்பறைக் கைப்பிடி முன்போலவே: 2. மேலுடை அணிய உதவி வேண்டும்: 4. கூட்டினால் 16. அன்றாட வாழ்வுப் பகுதியில் உயர் விகிதத்துக்கு அவர் தகுதியுடையவர். கைத்தடியுடன் இருபது மீட்டருக்கு மேல், ஐம்பது மீட்டருக்குள் மட்டுமே நடக்கிறார்: 10 புள்ளிகள். நடமாட்டப் பகுதியின் சாதாரண விகிதமும் உண்டு.

அவரே படிவத்தில் "மூட்டு வலி முன்போலத்தான், மாற்றமில்லை" என்று எழுதி அனுப்பியிருந்தால்? பக்கவாதம் மருத்துவமனைக் கோப்பில் இருக்கும். உதவித்தொகைக் கோப்பில் அதன் சுவடே இராது.

இங்கே இரு விதிகளைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஏற்பட்ட சிரமம் மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். இன்னும் ஒன்பது மாதமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். ஆகவேதான் மாற்றம் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு, மாதமும் ஆண்டும் குறித்து விடையளிப்பது முக்கியம். இரண்டாவது விதி ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களுக்கு. அவர்களது அன்றாட வாழ்வுப் பகுதி உயரலாம். ஆனால் அந்த வயதுக்குப் பின் ஏற்பட்ட மாற்றத்துக்காக, நடமாட்டப் பகுதியைப் புதிதாகப் பெறவோ, சாதாரண விகிதத்திலிருந்து உயர்த்திக்கொள்ளவோ இயலாது. எனவே அந்த வயதை நெருங்குபவர்கள், நடை குன்றியிருந்தால் மீளாய்வு வரட்டும் என்று காத்திராமல் உடனே தெரிவிப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத உதவிகள்

நம் குடும்பங்களில் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிகள் உதவியாகவே தோன்றுவதில்லை. மருமகள் தேநீர் கொண்டு வந்து தருகிறாள். பேரன் காலுறை மாட்டிவிடுகிறான். மனைவி மாத்திரைகளை எண்ணி எடுத்து வைக்கிறாள். "உணவு எப்படி உண்கிறீர்கள்?" என்று கேட்டால், வாப்பா "நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்பார். மீனின் முள்ளெடுத்து, இறைச்சியைச் சிறு துண்டாக்கித் தட்டில் வைத்தவள் உம்மா என்பது அவர் நினைவுக்கே வராது. ஆதலால் நோயாளி தனியே அமர்ந்து படிவத்தை நிரப்பலாகாது. உதவி செய்பவர்களும் கூட இருக்க வேண்டும். காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை யார் யார் எதைச் செய்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வியப்பாக இருக்கும்!

தொழுகையும் ஒளுவும் படிவத்தில் கேட்கப்படுவதில்லை. ஆனாலும் ஒருவரது உடல்நிலையை அவருக்கே காட்டும் கண்ணாடி அவை. ஒளுவில் காலைக் கழுவக் குனிய முடியாமல் மற்றொருவர் நீர் ஊற்றிக் கழுவிவிடுகிறார் என்றால், இடுப்புக்குக் கீழே கழுவ உதவி தேவை என்று பொருள். தரையில் ஸுஜூது செய்தவர் இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார் என்றால், என்றைக்கு மாறினார் என்பதை நினைவுகூர்ந்தாலே மூட்டு எப்போது மோசமாயிற்று என்ற தேதி கிடைத்துவிடும். அதைப் படிவத்தின் மொழியில் மாற்றி எழுதுங்கள்.

"ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகிறேன்" என்று மட்டும் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். கேட்பவர், இவர் தனியே நடந்து போய் வருகிறார் என்று குறித்துக்கொள்வார். மகன் வாசல்வரை காரில் கொண்டு விடுகிறான், கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறான், நாற்காலியில் அமர்ந்து தொழுகிறேன், திரும்பி வந்தால் மாலைவரை படுத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

கழிப்பறைத் தேவைகள், சிறுநீர்க் கட்டுப்பாடு, மனச்சோர்வு ஆகியவற்றைச் சொல்ல நம்மவர்கள் நாணுகின்றனர். மகன் மொழிபெயர்க்கும்போது தாய் வாய்திறக்கத் தயங்குவார். தந்தைக்கு வெளியே போகவே அச்சமாக இருக்கிறது என்று மகள் எழுதினால், "ஏன் அதையெல்லாம் எழுதுகிறாய்?" என்று அவர் கடிந்துகொள்வார். மனநோயும் நோயே, அதற்கும் புள்ளிகள் உண்டு. தாய்க்கு மகளும், தந்தைக்கு மகனும் உதவினால் இந்தத் தயக்கம் பெரிதும் நீங்கும். துறையிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்கவும் வழியுண்டு.

குணமடைந்ததையும் எழுத வேண்டும்

இதுவரை சொன்னவை யாவும் குறைத்துச் சொல்வதால் வரும் கேடு. மிகைப்படுத்துவது அதனினும் பெரிய கேடு. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து கழிப்பறைக் கைப்பிடி இனித் தேவையில்லை என்றால், அதை எழுதியே ஆக வேண்டும். மீளாய்வின் முடிவில் தொகை உயரலாம், அப்படியே இருக்கலாம், குறையலாம், நின்றும் போகலாம். இந்த அச்சத்தால் குணமானதை மறைப்பவர் உண்டு. தெரிவிக்க வேண்டிய மாற்றத்தைத் தெரிவிக்காமல் பெற்ற தொகையைத் துறை திரும்பக் கேட்கும். வேண்டுமென்றே மறைத்தால் வழக்கும் வரலாம். அதற்கு மேலே இறைவனின் கணக்கும் ஒன்று இருக்கிறது.

இப்படிவம் ஒரு சாட்சியம். சாட்சியத்தை மறைப்பதும் தவறு, கூட்டிச் சொல்வதும் தவறு என்பது நாம் சிறுவயதிலேயே ஓதிக் கற்றது. தன் உடலைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது மட்டும் பணிவு என்ற பெயரில் பாதியை விழுங்கிவிடுகிறோம். நோயை எழுதுவது இறைவனிடம் முறையிடுவதாகாது. மருத்துவரிடம் வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானதா? இதுவும் அத்தகையதே.

சான்றுகளும் நேர்காணலும்

படிவத்தோடு சான்றுகளின் நகல்களை இணையுங்கள். முதலில் அனுப்பிய பழைய கடிதங்களைவிட அண்மைய கடிதங்களே இப்போது பயன்படும். மருத்துவமனை நிபுணரின் கடிதம், மருந்துப் பட்டியல், இயன்முறை மருத்துவரின் அறிக்கை, வீட்டில் கைப்பிடி பொருத்தப் பரிந்துரைத்தவரின் அறிக்கை ஆகியன நல்ல சான்றுகள். நோயின் பெயரை மட்டும் சொல்லும் கடிதத்தைவிட, அதனால் எது இயலவில்லை என்று சொல்லும் கடிதம் பன்மடங்கு வலிமையுடையது. பராமரிக்கும் குடும்பத்தாரும் தாம் கண்டதைக் கடிதமாக எழுதி இணைக்கலாம். கடிதம் வரத் தாமதமானால், படிவத்தை உரிய நாளில் அனுப்பிவிட்டு, சான்று பின்னர் வரும் என்று அதில் குறிப்பிடுங்கள்.

சிலருக்கு முடிவு தாள்களின் பேரிலேயே எடுக்கப்படும். பிறரை ஒரு மருத்துவப் பணியாளர் தொலைபேசியிலோ, காணொளியிலோ, நேரிலோ விசாரிப்பார். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். விசாரிப்பவர் "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று தொடங்குவார். மரியாதைக்குக் கேட்கும் கேள்வியாயினும், விடை ஏட்டில் ஏறக்கூடும். பழக்க தோஷத்தில் "நலம்" என்று சொல்லி நிறுத்திவிடாமல், "அல்ஹம்துலில்லாஹ், ஆனால் இன்று காலை எழுவதற்கே ஒருவர் துணை வேண்டியிருந்தது" என்று உண்மையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால்

மனம் தளர வேண்டா. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், அம்முடிவைத் துறையே மறுபடி பார்க்கும்படி கேட்கலாம். இதைக் 'கட்டாய மறுபரிசீலனை' என்பர். தக்க காரணம் இருந்தால் தாமதத்தையும் ஏற்பார்கள். விசாரித்தவர் எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தெந்த வரி உண்மைக்கு மாறாக உள்ளது என்று குறித்து எழுதுங்கள். அங்கும் பலனில்லையேல், அந்த மறுபரிசீலனைக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சுதந்திரமான தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், இயலாமை பற்றிய அனுபவமுடைய ஒருவர் என மூவர் கேட்பர். தீர்ப்பாயத்தின் விசாரணை வரை சென்ற பி.ஐ.பி. மேல்முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகவே பல ஆண்டுகளாக முடிந்து வருகின்றன. எனினும் முழு உதவித்தொகையும் மறுபடி ஆராயப்படும்; இருப்பதும் குறைய வாய்ப்புண்டு. ஆகையால் முதலில் ஆலோசனை பெறுங்கள். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' நிலையங்களில் இது இலவசமாகக் கிடைக்கிறது.

உடல்நிலை மாறியவர்கள் இங்கே தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு. தீர்ப்பாயம் பார்ப்பது முடிவு எடுக்கப்பட்ட நாளில் இருந்த நிலையை மட்டுமே. அதற்குப் பின் நோய் முற்றியிருந்தால், அதை மேல்முறையீட்டில் சேர்க்க இயலாது. அந்தப் புதிய மாற்றத்தைத் துறைக்குத் தனியே தெரிவிக்க வேண்டும்.

மீளாய்வுக்கு இடையிலும் கடமை உண்டு

உடல்நிலை கூடினாலும் குறைந்தாலும், அடுத்த படிவம் வரும்வரை காத்திருக்கலாகாது. உடனே தெரிவிப்பதே விதி. வேறு சில செய்திகளையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்தால் தெரிவிக்க வேண்டும். அரசுச் செலவில் 28 நாள்களுக்கு மேல் தங்கினால் தொகை நிறுத்தி வைக்கப்படும். ஊருக்கு வந்து உற்றார் உறவினருடன் தங்குபவர்கள் மிகவும் கவனிக்க: நான்கு வாரங்களுக்கு மேல் நாட்டை விட்டுச் செல்வதாயின் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தற்காலிகப் பயணத்தில் 13 வாரம்வரை தொகை தொடரும். மருத்துவச் சிகிச்சைக்காகச் சென்றால் 26 வாரம்வரை தொடரலாம். உயிர்பிழைப்பு பன்னிரண்டு மாதத்தைத் தாண்டாது என மருத்துவர் கருதும் நோயாளிகளுக்கு விரைவான தனி விதிகள் உள்ளன. அவர்கள் சார்பில் பிறரும் விண்ணப்பிக்கலாம்.

விதிகள் மாறப்போவதாக வரும் வதந்திகளை நம்பி அஞ்ச வேண்டா. அன்றாட வாழ்வுப் பகுதியைப் பெற ஏதேனும் ஒரு செயலில் மட்டும் 4 புள்ளிகளாவது பெற்றிருக்க வேண்டும் என்று 2025இல் அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டு ஜூலையில் அது மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் திட்டம் முழுவதையும் ஆராய ஏற்பாடு செய்யப்பட்டது. கையிலுள்ள படிவத்தை, அதிலுள்ள விதிப்படி நிரப்புவதே நம் வேலை.

பிரிட்டனில் படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோர், பெரியம்மா, மாமா இவர்களில் எவர் வீட்டு மேசையிலாவது இப்படிவம் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாததால் அவர்கள் அதை ஒதுக்கி வைத்திருக்கலாம். உங்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று எண்ணியும் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேளுங்கள். "நலம்தான்" என்று அவர்கள் சொன்னால், "உள்ளதைச் சொல்லுங்கள் உம்மா" என்று இன்னொரு முறை கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதுங்கள்.